கரண்ட் திரும்பி வந்த நேரம்

ரங்கூனில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் சீவும் கடைசல் வேலை பார்க்கிறவனுக்கு உளியைவிட சுவிட்ச் முக்கியம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தாம்வே பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்த புதிதில், படாக் மரத்தில் பத்து அங்குலக் கிண்ணம் ஒன்று கடைந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. இங்கே அது தினமும் நடப்பதுதானே, நான் சுவிட்சைத் தொடவே இல்லை. சும்மா நிற்பானேன் என்று மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் சாவியைப் போட்டு மரத்தை இறுக்கினேன். இறுக்கிவிட்டு வியர்வையைத் துடைக்கக் கையை எடுத்தேன், கரண்ட் வந்துவிட்டது. கடைசல் இயந்திரமான லேத் தானாகச் சுற்ற ஆரம்பித்து, சாவி என் காதோரமாகப் பறந்து தகரச் சுவரில் போய் அடித்தது. மேஸ்திரி ஓடி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். "தம்பி, கரண்ட் போனா முதல்ல சுவிட்சை அணை. மத்ததெல்லாம் அப்புறம்."

பல வருஷம் கழித்துச் சொந்தமாகப் பழைய லேத் ஒன்று வாங்கியபோது, உளிக்கு வைத்திருந்த பணத்தில் முதலில் காந்த ஸ்டார்ட்டர் மாட்டினேன். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் காந்தச் சுருள் பிடியை விட்டுவிடும், கரண்ட் திரும்பினாலும் பச்சைப் பொத்தானை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. சிவப்புப் பொத்தானைத் தொடையால் தள்ளும் உயரத்தில் வைத்தேன், ஏனென்றால் ஆபத்து வரும் நேரத்தில் இரண்டு கையும் உளியில்தான் இருக்கும்.

மிச்சப் பணத்துக்கு மூன்று உளிதான் வந்தது, ஆனால் மூன்றும் எச்.எஸ்.எஸ். என்கிற அதிவேக எஃகு. கடைக்காரர் அதே விலைக்கு எட்டு உளி கொண்ட கார்பன் எஃகு செட்டைக் காட்டினார். வேண்டாம் என்றேன். தேக்கில் சிலிக்கா உண்டு, முனையை மழுக்கிக்கொண்டே இருக்கும், அடிக்கடி சாணை பிடிக்க வேண்டும். சாணைச் சூட்டில் நீலம் பாய்ந்தால் கார்பன் எஃகு அந்த இடத்தில் மிருதுவாகிவிடும், எச்.எஸ்.எஸ். தாங்கும். இன்னொன்று, உருளை மரத்தைச் சீவும் அகலமான குழி உளியைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. பிடிக்குள் போகும் அதன் வால் மெல்லியது, மரம் இழுத்தால் ஒடிந்து முகத்துக்கு வரும்.

சுவிட்ச் போடுமுன் மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பேன், மூலை எதுவும் உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் இடிக்கக் கூடாது. வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும். பத்து அங்குலத்துக்கு 600 முதல் 900. சமன் ஆகாத மரம் என்றால் இன்னும் கீழே. முகக் கவசம் கட்டாயம், கையுறை கூடவே கூடாது. படாக் தூள் மூக்கை அரிக்கும், அதற்கு முகமூடி.

போன மாதம் வேலைக்கு வந்த பையன் கைலியோடு வந்தான். முன்பக்க முடிச்சின் துணி சரியாகச் சக் உயரத்தில் தொங்குகிறது. வீட்டுக்குப் போய்க் கால்சட்டை மாற்றி வா என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான், அரை மணி நேரத்தில் மாற்றிக்கொண்டு வந்தான்.