மேற்கு ஜன்னலுக்கு மரக்கதவு

புதுச்சேரிக்கு வந்த புதிதில், பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளின் சாய்வுப் பலகை ஜன்னல் கதவுகளெல்லாம் சும்மா அழகுக்கு என்றுதான் நினைத்தேன். மேற்கு பார்த்த வாடகை வீட்டில் ஒரு சித்திரையைக் கழித்த பிறகு புத்தி வந்தது. திரைச்சீலை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே பலகைக் கதவு இருந்தால் வெயில் கண்ணாடிக்கு முன்பே நின்றுவிடும். இடுக்கில் காற்றும் வரும்.

தொல்லை இல்லாமலா? தூசி துடைத்து மாளாது. ஐப்பசி மழையில் மரம் ஊதிச் சாத்த வராது, உப்புக்காற்றில் கீல் துருப்பிடிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த ஊர் வேறு; கொக்கி உறுதியாக இருக்கவேண்டும்.

சரி, மேற்குப் பக்கம் ரெண்டு ஜன்னலுக்கு மட்டும் ஆசாரியிடம் சொல்லியாயிற்று. பாதிக் காசு தருவதாக வீட்டு ஓனர் சொன்னார், பார்ப்போம்.