ஊசி முதலில், ரத்தப்பை பிறகு

சிஎம்இ (டாக்டர்களுக்கான தொடர் கல்விக் கூட்டம்) என்றால் கையெழுத்து, கிரெடிட் பாயிண்ட், பிரியாணி என்று எங்களுக்குள் ஒரு கிண்டல் உண்டு. ஞாயிறு நடந்தது அப்படியில்லை. ஆபரேஷனில் ரத்த மேலாண்மை பற்றி.

ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனாலே ரத்தம் ஏற்றிய தலைமுறையிடம் படித்தவள் நான். ஐசியூ நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 7 வரை பொறுக்கலாம் என்று 1999-லேயே கனடா ஆய்வு காட்டிவிட்டது. (இதய நோயாளிகள் கணக்கு வேறு.)

எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தைய கட்டம்தான். முழங்கால் மாற்று ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போதே ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்து, இரும்புச்சத்து குறைவென்றால் ஊசி போட்டு, சில வாரம் கழித்து டேபிளில் ஏற்றுவது. கூடவே ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட். ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ கணவரோடு சேர்ந்து கண்டுபிடித்த மலிவான மருந்து. கடைசி நேரத்தில் சொந்தக்காரர்களை டோனர் தேடி ஓடவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சர்ஜன்கள் கேட்டிருக்க வேண்டிய செஷன். காபி பிரேக்கோடு பாதிப்பேரைக் காணோம்!