தடித்த உருண்டை எழுத்தும் மூன்று சுழி ணகரமும்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் கடைப் பலகைக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் "குண்டா, உருண்டையா, தூரத்துல இருந்தே தெரியணும்" என்பார்கள். அதற்கு நான் முதலில் சொல்வது பாலூ தம்பி. மும்பையில் இயங்கும் ஏக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் வடித்த எழுத்துரு. கோட்டின் தடிமன் பெரிதாக மாறாது, மூலைகள் மழுங்கியிருக்கும். இலவசம், கடைப் பலகை, அட்டைப்பெட்டி எதற்கும் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.

தடித்த எழுத்தில் கவனிக்க வேண்டியது கறுப்பை அல்ல, உள்ளே மிஞ்சும் வெள்ளையை. 'அண்ணன் இட்லிக் கடை' என்று அடித்துப் பாருங்கள். அண்ணன் என்ற ஒரு சொல்லில் மூன்று சுழி ண இரண்டு தடவை, இரண்டு சுழி ன ஒரு தடவை. பெயர்க் கணக்கிலேயே எட்டுச் சுழி. அகரத்தின் சுழி தனி. தடிமன் ஏற ஏற இந்த இடுக்குகள்தான் முதலில் அடைபடும். அடைபட்டால் ண எது, ன எது என்று தெரியாது.

முதலில் வந்த பாலூ தம்பியில் ஒரே தடிமன்தான். அதன் மேல் போல்ட் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் கோட்டை வெளியிலும் உள்ளிலும் வீங்க வைக்கும், சுழி மூடிவிடும். தயவுசெய்து செய்யாதீர்கள். பாலூ தம்பி 2-இல் 400 முதல் 800 வரை ஐந்து தடிமன் உண்டு. பலகைக்கு 800, விலைச் சீட்டு போன்ற சிறிய எழுத்துக்கு 600. பின்னால் விளக்கு எரியும் பலகையில் ஒளி கசிந்து எழுத்து தடிக்கும். அங்கே 700 போதும்.

அக்ரிலிக்கை ரூட்டரில், அதாவது சுழலும் முனையால் வெட்டும் இயந்திரத்தில், வெட்டினால் கணக்கு இன்னும் கறார். 3 மி.மீ. பிட் (வெட்டும் முனை), 3 மி.மீ.க்குக் குறைவான இடுக்குக்குள் நுழையவே நுழையாது. ண-வின் மிகக் குறுகலான இடத்தை அளந்துவிட்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் என்பது பலகைக்காரர்கள் வழக்கம். எதிர்ச்சாரியில் 60 அடியிலிருந்து படிக்க 6 அங்குலம். அதை 'லி'யின் விசிறியோடு சேர்த்து அளக்காதீர்கள், 'க'வின் உடலை அளவுங்கள்.

மகாராஷ்டிரச் சட்டப்படி மராத்தி எழுத்து மற்ற மொழி எழுத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அதே குடும்பத்து பாலூ 2-இல் மராத்திக்கான தேவநாகரி எழுத்து இருப்பதால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். ஆனாலும் மென்பொருள் காட்டும் பாயின்ட் அளவை நம்பாமல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

வெட்டக் கொடுக்கும் முன் எழுத்தைக் கர்வ் (எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவம்) ஆக்குங்கள், இல்லையென்றால் அங்குள்ள பழைய மென்பொருளில் கொம்பு இடம் மாறும். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் வெல்ட் செய்து ஒரே வடிவமாக இணைத்துவிடுங்கள். விட்டால் கத்தி எழுத்தின் நடுவே வெட்டும்.

வினைல் ஒட்டுத்தாள் என்றால், வெட்டிய பின் எழுத்தைச் சுற்றியுள்ள கழிவை உரிக்கும்போது புள்ளியும் கூடவே போய்விடும். மெதுவாக, தாழ்வாக மடக்கி உரியுங்கள். எழுத்துகளைப் பலகைக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் டேப் ஒட்டும் முன் புள்ளிகளை எண்ணுங்கள்: 'அண்ணன் இட்லிக் கடை'க்கு நான்கு.