தீபாவளிக்கு முன் மேசைக்கு வந்த 2 கிட்டார்

6 அக்டோபர் 2025, திங்கள். சுங்கை சிப்புட்

தீபாவளி மேடைக்கு இன்னும் 2 வாரம். பழுதுபார்க்க வந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டார் லெஸ் பால் வடிவம். நெக் பக்கம் பழைய பிக்கப்பே (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச்சுருள்) இருக்கிறது, பிரிட்ஜ் பக்கம் புதிதாக சீமோர் டங்கன் கம்பெனியின் ஜேபி பிக்கப். புகார்: “புதுசு போட்டும் சத்தம் மெலிசா இருக்கு, இரையுது.”

மூடியைத் திறக்கும் முன் மீட்டர். ஜாக்கில் கேபிள் செருகி, சுவிட்சைப் பிரிட்ஜுக்குத் தள்ளி, வால்யூமை 10-இல் வைத்து, கேபிளின் மறுமுனையில் அளந்தால் 8 கிலோ ஓம். ஜேபியின் மின்தடை 16-க்குச் சற்று மேல். 500 கிலோ ஓம் வால்யூம் பாட்டும் (குமிழுக்கு அடியிலுள்ள மாறுமின்தடை) கூடவே இருப்பதால் ஜாக்கில் 16-ஐ ஒட்டி வரவேண்டும். சரிபாதி வந்தால் 2 சுருளில் ஒன்று செத்திருக்கிறது. ஜேபி போன்ற ஹம்பக்கரில் (இரட்டைச்சுருள் பிக்கப்) 2 சுருளும் சேர்ந்தால்தான் இரைச்சல் அடங்கும். மெலிசுக்கும் இரைச்சலுக்கும் காரணம் ஒன்றுதான்.

திறந்தால், டிமார்சியோ என்ற வேறு கம்பெனியின் வயர் நிறப்படி ஈயம் வைத்திருக்கிறார்கள்: சிவப்பு வால்யூமுக்கு, கறுப்பும் வெள்ளையும் ஒன்றாக, பச்சையும் வெறுங்கம்பியும் கிரவுண்டுக்கு. டங்கனில் கறுப்பும் வெள்ளையும் ஒரே சுருளின் 2 முனைகள். சேர்த்து முறுக்கினால் அந்தச் சுருள் ஷார்ட். டங்கனுக்குக் கறுப்புதான் வால்யூமுக்கு. வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்து உறை போட்டு ஓரமாக ஒதுக்கவேண்டும். பச்சையும் வெறுங்கம்பியும் பாட்டின் முதுகில். மாற்றியபின் 15.9. போனில் கிடைத்த படத்தை நம்பும் முன் அது எந்தக் கம்பெனி படம் என்று பார்த்திருந்தால் இந்த வேலையே இல்லை.

8 அக்டோபர், புதன்

அதே கிட்டார். தனித்தனியே 2 பிக்கப்பும் கணீரென்று கேட்கின்றன. சுவிட்சை நடுவில் வைத்தால் மூக்கடைத்த சத்தம், அடித்தொனியே இல்லை. 2 பிக்கப்பும் எதிரெதிர் ஃபேஸ், ஒன்றின் அலையை மற்றது அழிக்கிறது.

உறுதி செய்ய, மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, அகலமான இரும்பு ஸ்க்ரூ டிரைவரை 2 வரிசைக் காந்தமுனைகளிலும் படும்படி வைத்துச் சட்டென்று எடுக்கவேண்டும். நெக்கில் எண் ஒரு கணம் ஏறுகிறது, பிரிட்ஜில் இறங்குகிறது. முள் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நெக் பிக்கப்பின் 2 முனைகளை இடம் மாற்ற முடியாது. அதன் பின்னல் உறைதான் கிரவுண்ட், உலோக மூடியும் அதோடு ஒட்டியது. மாற்றினால் மூடியில் கை பட்டாலே இரையும். ஆகவே ஜேபியில்தான் மாற்றம்: பச்சை வால்யூமுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு. வெறுங்கம்பி கிரவுண்டை விட்டு நகரக்கூடாது.

9 அக்டோபர், வியாழன். மாலையில் மழை

இன்னும் கொஞ்சம் இரைச்சல். கிட்டார் கம்பியைத் தொட்டாலும் விட்டாலும் ஒரே அளவு. தொட்டதும் குறைந்தால் கிரவுண்ட் சரி. கூடினால் ஜாக்கில் 2 வயரும் இடம் மாறியிருக்கும். எதுவுமே மாறாவிட்டால் கம்பிகளுக்குக் கிரவுண்ட் போகவில்லை. கம்பிகளைப் பிடிக்கும் டெயில்பீஸிலிருந்து ஜாக்கின் வெளிப்பகுதிக்கு அளந்தால் இணைப்பே இல்லை. பாட்டின் முதுகில் வயர் வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தது, இழுத்ததும் கையோடு வந்தது. 25 வாட் சால்டரிங் அயர்ன் அந்தத் தகட்டுக்குப் போதாது. ஈயம் உருண்டு நிற்குமே தவிர பிடிக்காது. முதுகை உப்புத்தாளால் தேய்த்து, 370 டிகிரியில் 3, 4 நொடி. அதற்கு மேல் வைத்தால் உள்ளே கார்பன் பாதை கருகும்.

கிரவுண்ட் சரியானதும் வேறு கவலை: இப்போது கிட்டார் கம்பிகள் ஆம்போடு இணைந்திருக்கின்றன. ஆம்பின் எர்த் அறுந்திருந்து அதில் மின்கசிவும் இருந்தால், மைக்கில் உதடு படும்போது கிட்டார் வாசித்துப் பாடுபவர்தான் ஷாக் வாங்குவார். மேடைக்கு இழுக்கும் எக்ஸ்டென்ஷனைச் சுவரிலிருந்து கழற்றி, பிளக்கின் எர்த் காலிலிருந்து மறுமுனைத் துளைக்கு அளந்து பார்க்கவேண்டும். அழகுக்காக எர்த் கால் உள்ள எக்ஸ்டென்ஷன்களும் ஊரில் உண்டு.

12 அக்டோபர், ஞாயிறு

அடுத்தது ஸ்ட்ராட் வடிவக் கிட்டார், 3 ஒற்றைச்சுருள் பிக்கப், 250 கிலோ ஓம் பாட். முகத்தகடு தொங்கும்போது சத்தம் வருகிறது, ஸ்க்ரூ இறுக்கியதும் ஊமை. குழிக்குள் புதிதாகச் செம்புத்தாள் (இரைச்சலைத் தடுக்க, கிரவுண்டோடு இணைப்பது) ஒட்டியிருக்கிறார்கள், சந்தேகம் அங்கேதான். சுவிட்சின் 5 நிலையிலும் மீட்டர் 0 காட்டுவதால் பிக்கப்பைக் குறைசொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் பொதுவான வழியில்தான் ஷார்ட். வால்யூமை 5-க்கு இறக்கினால் 30 கிலோ ஓம் வருகிறது. ஷார்ட் வால்யூமுக்குப் பின்னால் இருந்தால் அப்போதும் 0-தான் வரும். ஆக, முன்னால்: சுவிட்சின் பொதுக்கால். செம்புத்தாளில் அது உரசிய கீறலும் இருந்தது.

அந்தக் காலை உள்பக்கம் மடக்கி, கீறல் மேல் 2 அடுக்கு இன்சுலேஷன் டேப். தகட்டை இறுக்கியபின் 10-இல்: 5.9, 3.0, 5.8, 2.9, 5.7. இடைநிலைகளில் 2 பிக்கப் பக்கவாட்டில் சேர்வதால் பாதிதான் வரும்.