இருபது வளைவு இறங்கிக் கேட்ட காம்போதி

ஏற்காடு போகிறவர்களில் பாதிப் பேருக்குச் சேலம் என்பது பஸ் மாறுகிற ஊர், அவ்வளவுதான். நவராத்திரி சமயத்தில் அப்படிக் கடந்துவிடாதீர்கள். மதியத்துக்கு மேல் மலையில் மூட்டம் இறங்கி, எதிரே ஏரி இருக்கிறதா என்றே தெரியவில்லை. “கீழே இன்னைக்குக் கச்சேரி இருக்குங்க, டிக்கெட்டெல்லாம் கிடையாது” என்றார் தங்கியிருந்த விடுதிக்காரர். கிளம்பிவிட்டோம். 20 கொண்டை ஊசி வளைவுகள், காப்பித் தோட்டங்கள், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். அடிவாரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்தாயிற்று.

சேலத்தில் சுகவனேஸ்வரர் கோயிலில் தரிசனம் முடித்துவிட்டு, சில தெரு தள்ளியிருந்த மண்டபத்துக்கு நடந்தோம். ஜமுக்காளத்தில் இரண்டாவது வரிசை, மேடைக்கு இடப்பக்கம். தெரிந்தேதான் அங்கே உட்கார்ந்தேன். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலது கை வாசிக்கும் முகம், சபையைப் பார்த்து இருப்பது அந்தப் பக்கம்தான்.

திரை கிடையாது, அதனால் சுருதி சேர்ப்பதையும் பார்க்க முடிந்தது. மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடது கைப் பக்கமான தொப்பியில் அப்பினார். பிறகு சின்னக் கல்லால் வலந்தலையின் விளிம்பைச் சுற்றித் தட்ட ஆரம்பித்தார். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். தம்புராவோடு ஒட்டியதும் கல்லைத் துணிக்கடியில் தள்ளிவிட்டுப் பாடகி பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

வர்ணமும் அடுத்த இரண்டு உருப்படிகளும் நன்றாகவே போயின. ஆனால் நான் வந்ததன் பலன் காம்போதியில்தான் கிடைத்தது. தேவாரப் பண்களில் தக்கேசி என்பார்களே, அதே ராகம். பாடகி மேல் ஷட்ஜத்தில், அதாவது மேல் ‘ஸ’வில், போய் நின்றார். அசையவே இல்லை. வயலின்காரர் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்து, அவர் இறங்கத் தொடங்கிய பிறகே நிழல் மாதிரி பின்னால் வந்தார். ரெக்கார்டிங்கில் இந்தக் காத்திருப்பு காதில் விழாது. அது கண்ணில் படுகிற சங்கீதம். பக்கத்திலிருந்த பெரியவர் “அடடா” என்று தன் தொடையிலேயே தட்டிக்கொண்டார். எனக்கு முதுகுத்தண்டில் என்னவோ ஓடியது.

கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை, அதன் ஒரு வரியையே விதவிதமாக விரித்துப் பாடும் நிரவல், ஸ்வரம் எல்லாம் முடிந்து, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம். வழக்கம்போல ஒரு கூட்டம் எழுந்து வெளியே போனது. தனி என்றால் இடைவேளை என்று யார் இவர்களுக்குச் சொன்னார்களோ! மிருதங்கமும் கடமும் மாறி மாறி எட்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று), நாலு, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே வந்ததை இவர்கள் தவறவிட்டார்கள். எனக்கு முன்னால் பாவாடை சட்டை போட்ட சிறுமி ஒருத்தி சுண்டுவிரலிலிருந்து ஆதி தாளம் எண்ணிக்கொண்டிருந்தாள். முடிவில் மூன்று முறை வாசிக்கும் கோர்வை மூன்றாம் முறை வந்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் சரியாக விழுந்தபோது, தாளம் தப்பாத சந்தோஷத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசியில் ஒரு திருப்புகழ். அருணகிரிநாதர் பாடிய ஊராயிற்றே, விடுவார்களா? மங்களம் முடிந்து வெளியே வந்தால் நல்ல பசி. தெருமுனைத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கினோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலும் காரச் சட்னியும். தனியின்போது எழுந்து போன கோஷ்டி அங்கேதான் இரண்டாவது ரவுண்டு ஆர்டர் செய்துகொண்டிருந்தது.