நீலச் சோக்குக் கோடுகள்

தொழிற்சாலைக் கட்டடத்தின் உறுதியைச் சோதிக்க, முகாமையாளர் என்னை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். இயந்திரங்கள் ஓடாது, ஆட்கள் இருக்கமாட்டார்கள், ஆறுதலாகப் பார்க்கலாம் என்றார். நான் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். துணி ஏற்றியிருக்க, இயந்திரங்கள் அதிர, ஆட்கள் நடமாட ஒரு கட்டடம் என்ன பாடுபடுகிறது என்பதை ஞாயிற்றுக்கிழமை பார்க்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது அந்த ஆடைத் தொழிற்சாலை. கீழ்த்தளம் எண்பதுகளில் கடைகளுக்காகக் கட்டியது. போர் முடிந்தபின் தனியார் கல்வி நிலையம் ஒன்றுக்காக அதன்மேல் இரண்டு மாடிகள் எழுந்தன. மாணவர்கள் குறைந்ததும் வாங்குகளை இறக்கிவிட்டுத் தையல் இயந்திரங்களை ஏற்றினார்கள். உரிமையாளர் கனடாவில். வரைபடம் கேட்டேன்; இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்றார்கள். கீழ்த்தளத்தின் வரைபடம் 1995 இடப்பெயர்வில் தொலைந்திருக்கலாம். பதினைந்து வருடம் கழித்துக் கட்டிய மாடிகளின் வரைபடம் அதில் எப்படித் தொலைந்தது என்று நான் கேட்கவில்லை.

வரைபடம் இல்லாவிட்டால் மேசனைத் தேட வேண்டும். அவரைக் கண்டுபிடித்தோம். எந்தத் தூணில் எத்தனை கம்பி என்று விரல்விட்டுச் சொன்னார். கம்பி தேடும் கருவியை வைத்துப் பார்த்தபோது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. மணல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றை ஆறென்று கணக்கில் எடுத்தாலும் எங்களுக்கு ஆற்று மணல் கிடையாது. கடலோரத்து மணற்காட்டுப் பக்கத்து மணல் என்றார். "கழுவித்தான் போட்டோம் தம்பி. எல்லா லோட்டையும் கழுவினோம் என்று சத்தியம் செய்யமாட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. உப்பு கொங்கிறீட்டைத் தின்பதில்லை. உள்ளே கம்பியைத் துருவாக்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் போதாமல் கொங்கிறீட்டை உள்ளிருந்தே பிளக்கும். கடல் பார்த்த பக்கத்துத் தூண்கள் இரண்டில் மூலை அப்படித்தான் உதிர்ந்திருந்தது. கூட வந்த பயிற்சிப் பொறியியலாளர், மேற்பரப்பில் மோதித் திரும்பும் அளவை வைத்துக் கொங்கிறீட்டின் வலிமையைக் காட்டும் சோதனைச் சுத்தியலை அதில் வைத்து அழுத்திவிட்டு, நல்ல எண் காட்டுகிறதே என்று மகிழ்ந்தார். பழைய கொங்கிறீட்டின் மேற்தோல் காற்றுப்பட்டு இறுகிவிடும், உள்ளே எப்படி இருந்தாலும் சுத்தியல் பெருமையாகத்தான் பேசும் என்று அவருக்குச் சொன்னேன்.

ஆனால் என்னைக் கவலைப்படுத்தியது தூண்கள் அல்ல. இரண்டாம் மாடியின் ஒரு பக்கத்தைத் துணிக் களஞ்சியமாக்கியிருந்தார்கள். ஒரு சுருள் ஏறக்குறைய 25 கிலோ. சுவரோரமாக ஏழு வரிசை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். எண்ணிக் கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 450 கிலோவைத் தாண்டியது. வகுப்பறைத் தளத்தை நாங்கள் 300 கிலோவுக்குத்தான் கணக்கிடுவோம். அந்தத் தளத்தைத் தாங்கும் பீமை, அதாவது கொங்கிறீட் உத்தரத்தை, முதலாம் மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். தூணுக்கு அருகே, பீமின் பக்கவாட்டில், சரிவாக ஒரு வெடிப்பு. பீமின் நடுவே நிமிர்ந்து ஓடும் மெல்லிய வெடிப்புகளுக்கு நான் அவ்வளவு பயப்படுவதில்லை. அவை வளைவைச் சொல்பவை, பெரும்பாலும் முன்கூட்டியே சொல்பவை. தூணோரத்துச் சரிவு வெடிப்பு அப்படியல்ல. அது வெட்டு விசையின் வேலை, பீமைத் தூணோரத்தில் துண்டிக்கப் பார்க்கும் விசை. அதிகம் எச்சரிக்காது.

ஏணியில் ஏறி அளவு அட்டையை வைத்தேன். வெடிப்பின் அகலம் 0.6 மில்லிமீட்டர். அப்போதுதான் கவனித்தேன், வெடிப்பின் நுனியைக் குறுக்கே வெட்டி நீல நிறத்தில் மூன்று சிறிய கோடுகள். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி. பக்கத்தில் பொடி எழுத்தில் திகதிகள். தையலுக்குத் துணியில் கோடு போடும் சோக்கு.

யார் போட்டது என்று கேட்டேன். அந்த பீமுக்குக் கீழே காலர் தைத்துக்கொண்டிருந்த பெண் தயங்கித் தயங்கி எழுந்தார். மேசைமேல் கதிரையை வைத்து ஏறிப் போட்டாராம். "மேற்பார்வையாளரிடம் சொன்னேன் சேர், வெறும் பூச்சு வெடிப்பு என்றார். துணிக் கொள்கலன் வருகிற கிழமைகளில்தான் நீளுகிறது" என்றார். பூச்சை உடைத்துப் பார்த்தோம். வெடிப்பு பீமுக்குள்ளும் போயிருந்தது. நான் நான்கு கருவிகளோடு வந்தவன். பாரம் ஏறும் நாளையும் வெடிப்பு நீளும் நாளையும் சேர்த்து வைத்த பதிவு அவரிடம்தான் இருந்தது.

இரவு கனடாவிலிருந்து உரிமையாளரின் அழைப்பு வந்தது. கட்டடம் பாதுகாப்பானது என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும், ஆடை வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள் என்றார். ஏன் கேட்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். டாக்காவுக்கு அருகே சாவாரில், கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமாகக் கட்டிய ராணா பிளாசாவில் 2013 ஏப்ரல் 23 அன்று வெடிப்புகள் தெரிந்தன. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. ஆடைத் தொழிலாளர்களை மறுநாள் காலையிலும் உள்ளே அழைத்தார்கள். மின்சாரம் நின்று, மேலிருந்த மின்பிறப்பாக்கிகள் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் எட்டு மாடிகளும் இறங்கின. 1,134 பேர் இறந்தார்கள்.

எவ்வளவு பாரத்துக்கு என்று சொல்லாமல் பாதுகாப்பு என்ற சொல்லை நான் எழுதுவதில்லை என்றேன். அறிக்கையின் முதல் பிரதியில் "களஞ்சியத்தைக் கூடிய விரைவில் வெறுமையாக்கவும்" என்று எழுதியிருந்தேன். எங்கள் அலுவலகங்களில் கூடிய விரைவு என்பது அடுத்த தைப்பொங்கலையும் குறிக்கும். அதை வெட்டிவிட்டு, "நாளை வேலை தொடங்குமுன்" என்று எழுதினேன். இரும்பு முட்டுகளையும் அந்த மாடியோடு நிறுத்தாமல், ஒன்றின் கீழ் ஒன்றாக நிலம்வரை இறக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் மேல்தளத்தின் பாரத்தைக் கீழ்த்தளத்தின் தலையில் கட்டியதாகும்.

மறுநாள் முட்டுக் கொடுக்கும்போது அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: "வேலை நிற்குமா சேர்?" மேல்மாடிகள் பதினொரு நாள் மூடப்பட்டன. அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுத்தார்கள் என்று பின்னர் அறிந்தேன். என் அறிக்கைப் படிவத்தில் அதற்கான பகுதி இல்லை.

ஆறு மாதம் கழித்து, சொல்லாமல் போனேன். பீமைச் சுற்றிப் புதிய கம்பி கட்டிக் கொங்கிறீட் போட்டுத் தடிப்பாக்கியிருந்தார்கள், நல்ல வேலை. துணிக் களஞ்சியம் கீழே போய்விட்டது. இரண்டாம் மாடித் தரையில், நான் சொன்னபடி, மஞ்சள் கோடு கீறியிருந்தார்கள். அன்றைய வெட்டுக்குத் தேவையான சுருள்கள் மட்டும் அதற்கு இப்பால். கோட்டுக்கு அப்பால், சுவரோரமாக, ஏழு சுருள்கள் படுத்திருந்தன. புதிய பீமில் யாரும் இன்னும் சோக்கால் எதுவும் எழுதியிருக்கவில்லை. முகாமையாளரைத் தேடிக் கீழே இறங்கினேன்.