திங்கள், புதன், வெள்ளி

ஜனவரி 29, திங்கள்

இன்றைக்கும் ஜன்னலோர நாற்காலி கிடைக்கவில்லை. அண்ணனுக்கு டயாலிசிஸ், நாலு மணி நேரம். ராப் பாடகர் நாஸின் இல்மேடிக் ஆல்பம் 40 நிமிடம், அப்படியென்றால் ஒரு தடவை ரத்தம் சுத்தமாகி முடிவதற்குள் நாஸ் ஆறு முறை பாடி முடித்துவிடுவார். கணக்கைப் போட்டது அண்ணன். போட்டதோடு நிற்காமல் கேட்கவும் ஆரம்பித்தான், மூன்றாவது சுற்றில் தூங்கிப்போனான். நான் ஆறையும் கேட்டேன். மூன்றாவது பாட்டின் கடைசியில் ஒரு டிரம்பெட் வருமே, அது நாஸின் அப்பா ஓலு டாரா. 20 வயசுப் பையன், வாழ்க்கை எந்த நிமிஷமும் முடியலாம் என்று பேசிவிட்டு ஒதுங்குகிறான், அப்பா வந்து ஊதுகிறார். ஆறு முறையும் அந்த இடத்தில் நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 30

என் சிறுநீரகத்தை அண்ணனுக்குத் தரலாமா என்று பார்க்கிற சோதனைகள். இன்றைக்கு என்னுடைய 24 மணி நேரச் சிறுநீர். கேனைப் பிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் மாவுப் பாத்திரத்தை எடுத்து மேல் தட்டில் வைத்தாள்.

பிப்ரவரி 2, வெள்ளி

அண்ணன் கையை நீட்டி "காதை வைச்சுப் பாரு" என்றான். ஃபிஸ்டுலா போட்ட இடம், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, கயிறு மாதிரிப் புடைத்திருக்கிறது. விரல் வைத்தால் பூனை உறுமுவது போல அதிர்கிறது. காதை வைத்தால் ஹூஷ், ஹூஷ், ஹூஷ், நிற்காமல், கீழ்ஸ்தாயியில். இது நின்றால் உடனே ஓடி வரவேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருப்பதால் அவன் ராத்திரி படுக்குமுன் தினமும் கேட்டுக்கொள்கிறானாம்.

வீட்டுக்கு வந்து லோ எண்ட் தியரி போட்டேன். 1991. ஏ டிரைப் கால்ட் குவெஸ்ட் என்ற ராப் குழு அந்த ஆல்பத்துக்கு அப்படிப் பெயர் வைத்ததே கீழ்ஸ்தாயியில் ஓடும் பேஸை நம்பித்தான். அதில் ஒரு பாட்டுக்கு ஜாஸ் உலகத்தின் ரான் கார்ட்டரையே கூப்பிட்டு நேரில் வாசிக்க வைத்தார்கள். மைல்ஸ் டேவிஸோடு வாசித்த மனுஷன், இருபது வயசுப் பையன்கள் கூப்பிட்டதும் வந்திருக்கிறார். ராப்புக்கும் ஜாஸுக்கும் நடுவே இருந்த கதவு அன்றைக்கு இன்னும் அகலமாகத் திறந்ததுதான், அப்புறம் யாரும் மூடவில்லை. வரிகளை எல்லாரும் மனப்பாடம் செய்வார்கள். நான் அந்த பேஸை மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஹூஷ், ஹூஷ்.

பிப்ரவரி 7, புதன்

டோனட்ஸ் ஆல்பம் வெளியான நாள், 2006. அதைச் செய்த ஜே டில்லாவின் பிறந்த நாளும் இதுதான். அன்றைக்கு அவருக்கு 32.

31 துண்டுகள், பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாதவை, பாடகர் கிடையாது. முதல் துண்டின் பெயரே அவுட்ரோ, முடிவுரை. கடைசித் துண்டு முடியும் இடமும் முதல் துண்டு தொடங்கும் இடமும் ஒட்டிக்கொள்கின்றன, ஓடவிட்டால் வட்டமாகச் சுற்றும். மெஷினில் பம்ப்பும் அப்படித்தான் சுற்றுகிறது, ரத்தம் போகிறது, வருகிறது. அண்ணன் இதைச் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. அதையெல்லாம் இதோடு சேர்க்காதே என்றேன். அப்புறம் நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 8

கிராஸ்மேட்ச் முடிவு வரவில்லை, என் ரத்தம் அவனுக்கு ஒத்துப்போகுமா என்கிற சோதனை.

பிப்ரவரி 10, சனி

டில்லா பிறந்த நாளுக்கு மூன்றே நாள் கழித்துப் போய்விட்டார்.

டோனட்ஸ் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் செய்தது என்றுதான் நான் வருஷக்கணக்காக நம்பினேன், பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அப்படி இல்லை. அதன் முதல் வடிவம் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே இருந்தது, பிறகுதான் நீட்டினார்கள், வெட்டி ஒட்டினார்கள், அவர் கட்டிலில் இருந்துகொண்டும் வேலை பார்த்தார். இது தெரிந்தபோது ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. அவர் சாவதற்காக அதைச் செய்யவில்லை, செய்துகொண்டே இருந்தார், அவ்வளவுதான். எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது.

விரல் மூட்டுகள் வீங்கி மரத்துப்போகும்போது அவருடைய அம்மா பிடித்துவிடுவாராம், பிடித்துவிட்டதும் டில்லா மறுபடி தன் பீட் மெஷினைத் தட்டுவாராம். அந்த அம்மாவே சொன்னது. நேற்று மூன்றாவது மணி நேரத்தில் அண்ணனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அம்மா போர்வைக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டே இருந்தாள். டோனட்ஸில் வரும் "டோன்ட் க்ரை" அப்போது ஓடவில்லை, எனக்குத்தான் மண்டைக்குள் ஓடியது. அதில் முதலில் பழைய சோல் பாட்டை அப்படியே கொஞ்ச நேரம் பாடவிடுவார், பிறகு அதையே துண்டு துண்டாக நறுக்கி வேறொன்றாகக் கோர்ப்பார். ஒரு அழுகையைக் கையிலெடுத்து என்ன செய்யலாம் என்று நம் கண் முன்னாலேயே காட்டுகிற மாதிரி.

பிப்ரவரி 12, திங்கள்

டி லா சோல் ராப் குழுவின் டேவ் போய் இன்றோடு ஒரு வருஷம். பழைய ஆல்பங்களில் இருந்த சாம்பிள்களுக்கு, அதாவது பிறர் பாட்டிலிருந்து எடுத்த துண்டுகளுக்கு, அனுமதிச் சிக்கல் தீராமல், 1989இல் வந்த 3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங் 2023 மார்ச் 3 வரைக்கும் ஸ்ட்ரீமிங்கில் வரவே இல்லை. டேவ் இறந்தது பிப்ரவரி 12. மூன்று வாரம் கூட இல்லை. அந்த மூன்று வாரத்தை என்னால் தாண்டிப்போக முடியவில்லை. காத்திருந்து காத்திருந்து, மூன்று வாரம்.

பிப்ரவரி 13

பனி. வெளியே போகவில்லை. போன் அடித்தால் எடுக்குமுன் கை நடுங்குகிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

சிறுநீரகம் தருகிற என் தரப்பைப் பார்க்கிற ஆஸ்பத்திரி அம்மாவோடு ஒரு மணி நேரம். யாராவது உன்னை வற்புறுத்தினார்களா? இல்லை. இதற்குப் பணமோ பொருளோ ஏதாவது தருவதாகச் சொன்னார்களா? இல்லை. எல்லாரிடமும் கேட்டாக வேண்டிய கேள்வியாம். கடைசி நிமிஷத்தில் வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம், அண்ணனுக்கு மருத்துவக் காரணம் என்று மட்டும் சொல்வோம் என்றார். நல்ல அம்மா.

பிப்ரவரி 18, ஞாயிறு

டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் இறந்த நாள், 2017. சிறுநீரகம் செயலிழந்து.

1969 நவம்பர் 20, சின்சினாட்டி. ஜேம்ஸ் பிரவுனின் "ஃபங்கி டிரம்மர்". பாட்டின் பிற்பகுதியில் மற்றவர்களையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு டிரம்மரை மட்டும் விடுகிறார், கிட்டத்தட்ட 20 விநாடி. அவ்வளவுதான். அந்த 20 விநாடி பப்ளிக் எனிமியின் "ஃபைட் தி பவர்" பாட்டில் இருக்கிறது, எல்எல் கூல் ஜேயின் "மாமா செட் நாக் யூ அவுட்" பாட்டில் இருக்கிறது, இன்னும் எத்தனையோ நூறு பாட்டில். ஹிப்ஹாப்பே 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைத்து, ஆட்டம் சூடேறுகிற அந்தச் சில விநாடி டிரம்ஸை மட்டும் மாற்றி மாற்றி நீட்டியதில் பிறந்ததுதான். அதாவது யாரோ ஒருவர் தந்த விநாடிகளை நிற்கவிடாமல் ஓட்டுவது. நின்றால் ஆட்டம் நின்றுவிடும்.

ஆனால் அந்த விநாடிகளைத் தந்தவர்? பாட்டு ஜேம்ஸ் பிரவுன் பெயரில். சாம்பிள்களுக்கான ராயல்டியில் ஸ்டபிள்ஃபீல்டுக்குப் பங்கு கிடையாது. 2002இல் ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள். அதற்கு முன்பே புற்றுநோய் வந்து ஆஸ்பத்திரிக் கடன் ஏறியபோது பாடகர் பிரின்ஸ் சத்தமில்லாமல் சுமார் 90,000 டாலர் கட்டியிருக்கிறார், அதுவும் பிரின்ஸ் செத்த பிறகுதான் வெளியே தெரிந்தது. "ஆமென் பிரேக்" என்கிற டிரம்ஸ் துண்டை வாசித்த கிரிகரி கோல்மன் நிலை இன்னும் மோசம். அவருடையது ஏழு விநாடி. "ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்" என்கிற ராப் பாட்டில் தொடங்கி இங்கிலாந்தின் ஜங்கிள் இசை முழுக்க அந்த ஏழு விநாடியின் மேல்தான் நிற்கிறது. வீடு வாசல் இல்லாமல் 2006இல் இறந்தார். டில்லா போன அதே வருஷம்.

ஸ்டபிள்ஃபீல்ட் யாரிடமும் டிரம்ஸ் கற்றுக்கொள்ளவில்லை. சின்ன வயசில் சட்டனூகாவில் தொழிற்சாலைச் சத்தத்தையும் ரயில் சத்தத்தையும் கேட்டுக் கேட்டுத் தாளம் பழகியவர். டயாலிசிஸ் அறையில் இருபது மெஷின் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் சுற்றுவதைக் கேட்டிருந்தால் அதிலிருந்தும் ஏதாவது எடுத்திருப்பார்.

பிப்ரவரி 21, புதன்

பொருந்துகிறது.

பொருந்துகிறது பொருந்துகிறது. அம்மா ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரி 24

"எனக்கு வேண்டாம்" என்கிறான். "உனக்கு நாளைக்கு ஏதாவதுன்னா? லிஸ்ட்ல இருக்கேன்ல, வரட்டும்." சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிற லிஸ்ட் எத்தனை வருஷம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கத்திவிட்டேன். 1993 நவம்பர் 9இல் டிரைப்பின் மிட்நைட் மராடர்ஸும் வூ டாங்கின் முதல் ஆல்பமும் ஒரே நாளில் வந்தன. அவனுக்கு 15 வயசு, கையில் ஒரு கேசட்டுக்குத்தான் காசு, டிரைப்பை வாங்கிக்கொண்டு வந்து என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கவைத்தான். நடுநடுவே ஒரு பெண் குரல் அறிவிப்பு மாதிரிப் பேசும், அம்மா ரேடியோ என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேசட் இல்லையென்றால் நான் யார்? அதற்கெல்லாம் நான் கணக்குப் பார்த்தேனா என்று கேட்டேன். இதையும் அதையும் ஒன்றாக்காதே என்றான்.

பிப்ரவரி 26, திங்கள்

டிரைப் தங்கள் "கேன் ஐ கிக் இட்" பாட்டில் ராக் பாடகர் லூ ரீடின் பாட்டிலிருந்து பேஸ் லைனை எடுத்தார்கள். அவர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வருமானம் முழுவதையும் தானே வைத்துக்கொண்டார், டிரைப்புக்கு ஒரு காசு வரவில்லை. டிரைப்பில் பாடிய ஃபைஃபே சொன்னது இது. குறையாகச் சொல்லவில்லை, பாட்டைத் தடுக்காமல் விட்டாரே என்றுதான் சொன்னார். அப்படியென்றால் ஒன்று தந்தவனுக்கு எதுவும் இல்லை, அல்லது எல்லாமே தந்தவனுக்கு. நடுவில் ஒரு வழி இருந்திருக்கவேண்டும். அண்ணன் மெஷினில் இருந்த நாலு மணி நேரமும் இதையேதான் யோசித்தேன். பேசிக்கொள்ளவில்லை. இயர்போனில் ஒரு பக்கம் மட்டும் நீட்டினான், வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 2

பொட்டாசியம் குறையட்டும் என்று உருளைக்கிழங்கை நறுக்கி ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து. மூணு துண்டு சாப்பிட்டான்.

மார்ச் 9, சனி

கியூ4 பஸ்ஸில் குவீன்ஸின் லிண்டன் பூலவார்ட் போனேன். தனியாக. 192ஆம் தெருமுனையில் பச்சைப் பலகை, ஃபைஃபின் முழுப் பெயரில்: மலிக் ஃபைஃப் டாக் டெய்லர் வே. டிரைப்பின் "செக் தி ரைம்" வீடியோவை எடுத்தது இந்த முனையில் இருந்த லாண்டரியின் மொட்டை மாடியில். குட்டையான கட்டடம். டிவியில் பார்த்தபோது எவ்வளவு உயரமாகத் தெரிந்தது. இதே செயின்ட் ஆல்பன்ஸ்தான் எல்எல் கூல் ஜே வளர்ந்த இடமும், பக்கத்து ஹாலிஸ் ரன் டிஎம்சி குழுவின் இடம். ஜமைக்கா ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்துக்குள் இத்தனை பேர்.

ஃபைஃபுக்கு 1990இலேயே சர்க்கரை வியாதி என்று தெரிந்துவிட்டது. ராப் பாடுகிறவன் என்றால் சுடமுடியாத உடம்பு, கழுத்தில் சங்கிலி என்று இருந்த காலத்தில், ஐந்தடி மூன்றங்குல ஆள், நான் ஒரு சர்க்கரை நோயாளி என்று பாட்டிலேயே சொல்லிவிட்டுக் கெத்தாக அடுத்த வரிக்குப் போனார். மிட்நைட் மராடர்ஸில் அது இருக்கிறது. 15 வயசில் அண்ணன் அந்த வரியை ஆடிக்கொண்டே சொல்வான், அவனுக்கு அப்போது சர்க்கரை என்றால் என்னவென்று தெரியாது.

பிறந்த தேதி 1970 நவம்பர் 20. "ஃபங்கி டிரம்மர்" பதிவாகிச் சரியாக ஒரு வருஷம். இதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்று தெரியும்.

2008இல் ஃபைஃபுக்கு அவர் மனைவி சிறுநீரகம் தந்தார். 2012இல் மறுபடியும் ஒன்றுக்காகக் காத்திருந்தார். இந்த இரண்டு வருஷங்களையும் நான் அண்ணனிடம் சொன்னதில்லை. அவனுக்குத் தெரியாமலா இருக்கும்.

மார்ச் 13, புதன்

அண்ணன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டான். நான் அறையில் இல்லை, காப்பி வாங்கப் போயிருந்தேன். வந்ததும் "ஏப்ரல் 9ஆம் தேதியாம்" என்றான், வேறு யாருடைய தேதியையோ சொல்கிற மாதிரி. இல்மேடிக்குக்கு 30 வயசு ஆவது ஏப்ரல் 19. பத்து நாள். பத்து நாளில் எழுந்து உட்கார்ந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அதற்கு முன்பே.

மார்ச் 15

பயமாக இருக்கிறது. எனக்காக இல்லை என்று எழுத வந்தேன், அது முழு உண்மை இல்லை.

மார்ச் 22, வெள்ளி

ஃபைஃப் போய் எட்டு வருஷம். அப்போது அவருக்கு 45. அண்ணனுக்கு இப்போது 45.

அவர் போன பிறகு, அதே 2016 நவம்பரில் டிரைப்பின் கடைசி ஆல்பம் வந்தது. அவர் குரல் அதில் நிறைய இருக்கிறது, சாகப்போகிறவர் குரல் மாதிரி இல்லை, இடிக்கிறது, கிண்டல் செய்கிறது, குழுவின் கியூ டிப்போடு வரியை மாற்றி மாற்றிப் பிடிக்கிறது. பில்போர்டில் முதலிடத்துக்குப் போனது. அண்ணன் அதை முழுசாகக் கேட்டதே இல்லையாம், இன்றைக்குச் சொன்னான். எட்டு வருஷமாக முதல் நாலு பாட்டோடு நிறுத்திவிடுவானாம். நர்ஸ் ஊசி இரண்டையும் குத்தி பிளாஸ்டர் ஒட்டும் வரை காத்திருந்து, "முழுசாப் போடு" என்றான். போட்டேன். நடுவில் ஒரு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டான், மெஷின் அலாரம் அடித்தது, கையை மடக்கிவிட்டான் போலிருக்கிறது. நர்ஸ் வந்து நீட்டிவிட்டுப் போனார்.

மார்ச் 27, புதன்

ஃபிஸ்டுலா சத்தத்தைப் போனில் பதிவு செய்தேன். 20 விநாடி. அவனுக்கு அனுப்பவில்லை.

மார்ச் 29, வெள்ளி

ஜன்னலோர நாற்காலி கிடைத்தது. அம்மா கேட்கிறாள், ஆஸ்பத்திரிக்கு எத்தனை நைட்டி எடுத்து வைக்க, முன்பக்கம் பட்டன் வைத்ததுதானே என்று.